பட்டாளம் விட்டு வந்தவரோடு நடக்க ஓர் ஆள்: கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

ஓய்வூதியம் வாங்கும் முன்னாள் படைவீரர் ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள கூடலூர்ப் பட்டாளத்துக்காரரும் விரல் ரேகையை வைத்துவிட்டு, கேன்டீன் கார்டைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு ஊர் திரும்புகிறார். அவர் உயிரோடு இருப்பது பதிவாகிவிட்டது. எப்படி இருக்கிறார் என்று கேட்க அந்தச் சான்றில் இடமில்லை. அதை யார் கேட்பது, எங்கே வைத்துக் கேட்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் தற்கொலைக் கணக்கு. 2022 ஜூலையில் மாநிலங்களவைக்கு அரசு அளித்த பதிலின்படி, முந்தைய ஐந்தாண்டுகளில் முப்படைகளிலும் 819 பேர் தற்கொலை செய்துகொண்டனர். தரைப்படையில் 642, விமானப்படையில் 148, கடற்படையில் 29. இவர்கள் எல்லோரும் பணியில் இருந்தவர்கள். சீருடையைக் கழற்றிய பின் இறந்தவர்களைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை தனியே பிரித்துக் காட்டுவதில்லை. நாற்பது வயதுக்குள் ஓய்வு பெற்று வங்கிக் காவலராகவோ திராட்சை விவசாயியாகவோ ஆனவர் அந்தந்தத் தொழிற்பிரிவில் கரைந்துவிடுகிறார். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களைத் தனியே எண்ணுகிறார்கள்: 2022-ல் மட்டும் 6,407 பேர். அங்கே தடுப்புப் பணிக்கு நிதி கேட்டுப் போகிறவர் கையில் அந்த எண் இருக்கிறது. இங்கே போகிறவர் வெறுங்கையோடுதான் நிற்க வேண்டியிருக்கிறது.

எமில் துர்கைம் 1897-ல் எழுதிய ‘தற்கொலை’ நூல், பொதுமக்களைவிடப் படைவீரர்களிடம் தற்கொலை மிகுதி என்று ஐரோப்பியக் கணக்குகளைக் கொண்டு காட்டியது. குழுவோடு அளவுமீறி ஒன்றிப்போவதே காரணம் என்றார் அவர். நம் ஊருக்குத் திரும்பி வருபவரின் சிக்கல் இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. பதினேழு ஆண்டுகள் ஒரே தட்டில் சாப்பிட்ட கூட்டம் ஒரே நாளில் இல்லாமல் போகிறது. வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் அவர் இல்லாமலே காரியங்களை நடத்தப் பழகியிருக்கிறார்கள். மருத்துவர் கேட்டால், “ஒண்ணுமில்ல சார், நல்லாத்தான் இருக்கேன்” என்பார்.

வெட்டவெளிக் குழு முகாம்கள் இந்த இடத்தில்தான் உதவுகின்றன. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜேசன் டுவாலும் ரேச்சல் கப்லானும் 2014-ல் வெளியிட்ட ஆய்வு, சில நாள்கள் குழுவாக மலையிலும் ஆற்றிலும் கழித்த 98 முன்னாள் படைவீரர்களைப் பின்தொடர்ந்தது. மனநலமும் பிறரோடு பழகும் தன்மையும் மேம்பட்டன. ஒரு மாதம் கழித்தும் சில பயன்கள் நீடித்தன. ஆனால் அது அளந்தது நலவாழ்வை, தற்கொலையை அல்ல. முகாமுக்குப் போய்வந்தவர், அது முடிந்த இரண்டாம் மாதம், ஆறாம் மாதம் யாரோடு இருக்கிறார் என்பதுதான் உண்மையான சோதனை. ஆகவே ஊரோடு ஒட்டாத முகாமால் நீண்டகாலப் பயன் இராது என்பது என் துணிபு.

கூடலூருக்கு அந்த ஒட்டுதலை வெளியிலிருந்து இறக்குமதி செய்யத் தேவையில்லை. சித்திரா பௌர்ணமியன்று பளியன்குடியிலிருந்து மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஆயிரக்கணக்கானோர் காட்டுவழியே ஏறுகிறார்கள்; ஆறரை கிலோமீட்டருக்கும் மேலான செங்குத்துப் பாதை. மூச்சு வாங்க ஒருவர் நிற்கும்போது, பின்னால் வருபவர் “என்னண்ணே, முடியலையா?” என்று கேட்டுத் தண்ணீரை நீட்டுவார். முழங்கால் வலியில் தொடங்கும் பேச்சு, “ராத்திரி தூக்கமே வர்றதில்ல தம்பி” என்பதுவரை போகக்கூடும். ஆலோசனை அறையின் நாற்காலியில் உட்கார்ந்து அவர் இதைச் சொல்லமாட்டார். ஆண்டுக்கு ஒருநாள் நடக்கும் இந்த ஏற்றத்தை, வனத்துறை அனுமதியுள்ள வேறு பாதைகளில் மாதம் ஒருமுறை நடையாக விரிக்கலாம். அனுமதி என்பதை அழுத்திச் சொல்லக் காரணமுண்டு: 2018 மார்ச்சில் இதே மாவட்டத்தின் குரங்கணிக் காட்டுத்தீ மலையேற்றக் குழுவினர் 23 பேரைப் பலிகொண்டது.

அந்த நடையை நடத்த வேண்டியவர்களும் முன்னாள் படைவீரர்களே. சிறப்புப் படையின் முன்னாள் அதிகாரி மேஜர் விவேக் ஜேக்கப் தொடங்கிய ‘கிளா குளோபல்’ அமைப்பின் வழிகாட்டலில், 2021 செப்டம்பரில் மாற்றுத்திறனாளிகள் எட்டுப் பேர் சியாச்சின் பனியாற்றில் 15,632 அடி உயரத்திலுள்ள குமார் முகாமை எட்டினார்கள். அங்கே முன்னாள் வீரர்கள் உதவி பெறுபவர்களாக அல்ல, வழிநடத்துபவர்களாக இருந்தார்கள். பட்டாளத்துக்காரரிடம் “உங்களுக்கு உதவ வந்திருக்கிறோம்” என்பதைவிட, “நீங்க வந்து வழிகாட்டணும்” என்றால் அவர் வருவார்.

ஊர்ப்பொறுப்பு நடையோடு முடிவதில்லை. தற்கொலைக்கான வழியைக் கைக்கெட்டாமல் வைப்பதும் அதில் சேரும். காட்டுமன்னார்கோயில் பகுதியில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் குழுவினர், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொது அறையில் பூட்டி வைக்கும் முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். மக்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். 14,707 ஏக்கர் இருபோக நெல்லும் திராட்சையும் விளையும் பள்ளத்தாக்குக்கு இது நேரடியாகப் பொருந்தும் பாடம்.

காலமும் அதிகமில்லை. படைகளுக்கு ஆளெடுக்கும் அக்னிபத் திட்டத்தில் 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சியில் சேர்ந்த முதல் அணியில், நான்கு ஆண்டு முடிவில் 25 சதவீதம் பேர்வரைதான் நிரந்தரப் பணிக்குப் போவார்கள். வீடு திரும்பும் மற்ற இளைஞர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் கிடையாது. உயிர்வாழ் சான்று கொடுக்கும் வரிசையில்கூட அவர்கள் நிற்கப்போவதில்லை.

இந்தப் பள்ளத்தாக்கு ஆண்டுதோறும் நினைவுகூர்வதும் ஒரு பட்டாளத்துக்காரரைத்தான். பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுவிக் இராணுவப் பொறியாளர். மதராஸ் பயனியர் படையின் 1, 4 ஆம் பட்டாலியன் வீரர்களும் அந்தக் காட்டில் அவரோடு உழைத்தார்கள். அவர் பிறந்த ஜனவரி 15 அன்று தேனி மாவட்ட மக்கள் பொங்கல் வைக்கிறார்கள். அதே நாள் இராணுவ தினம். முந்தைய நாள் முன்னாள் படைவீரர் தினம். லோயர் கேம்பிலுள்ள பென்னிகுவிக் மணிமண்டபத்துக்கு அன்று போகிறவர்கள், தம் தெருவில் பட்டாளம் விட்டு வந்து தனியே இருப்பவரையும் கூட்டிக்கொண்டு போகட்டும். அவருக்கு இரவில் பேச ஆள் தேவைப்பட்டால், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416; நாள் முழுவதும் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.