மணவுறுதி மோதிரமும் வைரமும்

மணவுறுதி செய்துகொள்ளுங்கால் பெண்ணுக்கு வைரம் பதித்த மோதிரம் அணிவித்தல் மேலை நாடுகளில் தொன்றுதொட்டு வரும் மரபு என்பது பலர் எண்ணம். அவ்வெண்ணம் நம் நகரங்களிலும் பரவி வருகின்றது. மரபு எனக் கருதும் ஒன்றற்காகக் கடன்படவும் மக்கள் துணிவர். ஆதலின், அது மெய்யாகவே மரபுதானா என ஆராய்தல் வெற்றாய்வு ஆகாது. மோதிரம் பழையது, வைரம் அதனோடு பெருவழக்காக இணைந்தது அண்மைக் காலத்ததே என்பது இக்கட்டுரையின் துணிபு.

கி. பி. 79-இல் மறைந்த உரோமானிய அறிஞர் பிளினி, தம் 'இயற்கை வரலாறு' என்னும் நூலில், மணம் பேசப்பெற்ற பெண்ணுக்குத் தம் காலத்தும் இரும்பு மோதிரமே அனுப்பப்பட்டது என்றும், அது கல் பதியாதது என்றும் குறிக்கின்றார். பொன் மலிந்த காலத்தும் இரும்பு நீங்காமை அவ்வழக்கின் தொன்மையைக் காட்டும். இரண்டாம் நூற்றாண்டினரான ஆலசு கெல்லியசு, இடக்கையின் சுண்டுவிரலை அடுத்த விரலிலிருந்து நுண்ணிய நரம்பொன்று நெஞ்சிற்குச் செல்வதாக எகிப்தியர் கண்டனர் என்னும் செய்தியைத் தந்து, அவ்விரலில் மோதிரம் அணிதற்கு அதனையே காரணமாக்குகின்றார். இன்றைய உடற்கூற்று நூல் இதனை ஏற்பதன்று. எனினும் வழக்கம் நிலைபெற்றது.

வைரத்தின் தொன்மைக்குச் சான்றாக, ஆசுதிரிய இளங்கோ மாக்சிமிலியன் 1477-இல் பர்கண்டி நாட்டு மேரிக்கு அளித்த மோதிரத்தை எடுத்துக்காட்டுவர். அரசர் செயல் ஒன்று குடிமக்கள் வழக்காகிவிடாது. ஆங்கில நாட்டில் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் காதலர் விரும்பியவற்றுள் உட்புறத்தே சிறு பாட்டடி பொறித்த பொன் மோதிரங்களும் இருந்தன. அங்குச் சிறப்புற்றது கல்லன்று, சொல்லேயாம்.

வைரம் அரிதாயிருந்ததும் ஈண்டு நினைக்கத்தக்கது. 1720-களில் பிரேசிலில் சுரங்கம் காணப்பெறும்வரை உலக வாணிகத்துக்குரிய வைரம் பெரும்பாலும் இந்திய மண்ணினின்றே சென்றது. வைரத்தின் களங்கம், ஏகை, விந்து, காகபாதம் ஆகிய குற்றங்களை அறிந்து விலக்கிய மதுரை மணிவாணிகரைச் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை காட்டுகின்றது. ஆயின் அந்நூல் கண்ணகி திருமணத்தை உரைக்குமிடத்து மோதிரம் மாற்றும் சடங்கு இடம்பெறவில்லை. கல்லின் தரம் தேரும் அறிவு வேறு. மணவினையின் அடையாளம் வேறு என்பது இதனாற் புலனாகும்.

பெருமாற்றம் தென்னாப்பிரிக்காவில் தோன்றியது. 1867-இல் அங்கு வைரம் கிடைத்தது. கிம்பர்லிச் சுரங்கங்கள் தொடர்ந்தன. கல் பெருகின் விலை வீழும் என அஞ்சிய முதலாளிகளுள் செசில் ரோட்சு, 1888-இல் டி பியர்சு நிறுவனத்தின்கீழ்ச் சுரங்கங்களை ஒன்றுபடுத்தினார். அளவைக் கட்டுப்படுத்தியபின் வேட்கையை வளர்க்க வேண்டியதாயிற்று. 1938-இல் அந்நிறுவனம் அமெரிக்க விளம்பர நிலையம் ஒன்றை நாடியது. அந்நிலையத்துப் பணியாற்றிய பிரான்செசு கெரட்டி என்னும் பெண்மணி 1947-இல், வைரம் என்றென்றைக்கும் உரியது என்னும் பொருள்பட ஒரு தொடரை ஆக்கினார். 1980-களின் விளம்பரங்கள் இரண்டு மாதச் சம்பளத்தை மோதிரத்தின் அளவுகோலாக்கின. சம்பள அளவு சடங்கிலிருந்து வந்ததன்று. விற்பனையிலிருந்து வந்தது என்க.

இதனால் வைர மோதிரம் கொள்ளற்க என்பது கருத்தன்று. விரும்புவார் வெட்டு, நிறம், தெளிவு, எடை என்னும் நான்கும் நோக்கிக் கொள்க. ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். ஆய்வுக்கூடத்தில் ஆக்கப்பெறும் வைரமும் வேதியியல் முறையில் வைரமே, விலையோ குறைவு. போர்ப்படைகளுக்குப் பொருளாகும் வைரத்தைத் தடுக்க 2003-இல் கிம்பர்லி நடைமுறை வகுக்கப்பட்டமையின், கல் வந்த வழியை வினவுதலும் வாங்குவார் கடனாகும்.

கம்பர் காட்டும் கணையாழி அசோகவனத்தில் சீதையின் துயர் தீர்த்தது விலையால் அன்று. அனுப்பியவனை உணர்த்தியமையால் ஆகும். இரும்பாயினும் வைரமாயினும், பெறுபவள் உள்ளம் அறிந்து, இருவரும் கலந்து, கடன்படாது தேர்ந்த மோதிரமே மணவுறுதிக்கு உரியது. மரபு வேண்டுவது அவ்வுறுதி ஒன்றனையே.