எஃகுப் பின் பம்பர்

கரடுமுரடான பாதைகளில் ஓடும் நாற்சக்கர இயக்க வண்டிகளில், உடைந்த பிளாஸ்டிக் பின் பம்பரைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் பொருத்தப்படும் கனத்த இரும்புத் தகட்டுப் பம்பர் எஃகுப் பின் பம்பர் எனப்படுகிறது. பார்ப்பதற்குப் புதிய நாகரிகம் போலத் தோன்றினாலும், இது ஒரு வகையில் பழைய நிலைக்குத் திரும்புவதே ஆகும். இவ்வகை வண்டிகள் பிறந்தபோது அவற்றின் பின்புறத்தில் இரும்பைத் தவிர வேறு எதுவும் இருந்ததில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைக்காக வில்லிஸ், ஃபோர்டு ஆகிய நிறுவனங்கள் 1941 முதல் 1945 வரை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. அந்த ஜீப்பின் பின்புறத்தில் வண்டியின் அகலம் முழுவதும் நீளும் பம்பர் கிடையாது. இரண்டு மூலைகளிலும் கைப்பிடி போல வளைந்த சிறு இரும்புத் துண்டுகளும், நடுவில் வலுவான இழுவைக் கொக்கியும் மட்டுமே இருந்தன. பீரங்கியையோ சேற்றில் புதைந்த மற்றொரு ஜீப்பையோ இழுப்பதுதான் அப்பகுதியின் வேலை. பெட்ரோல் தொட்டி ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருந்ததால், பின்னால் இடிபட்டால் என்ன ஆகும் என்ற கவலை பெரிதாக எழவில்லை. போருக்குப் பின் இதே வண்டி 1945இல் பொதுமக்கள் விற்பனைக்கு வந்தது. 1940களின் இறுதியில் மும்பையில் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியதால், இந்தியச் சாலைகளுக்கும் இவ்வடிவம் பழக்கமாயிற்று.

சாதாரண கார்களின் பம்பர் வேறு வழியில் வளர்ந்தது. நீண்ட காலம் அது குரோமியம் பூசிய இரும்புப் பட்டையாக, பாதி காவலும் பாதி அலங்காரமுமாக இருந்தது. 1972இல் வெளிவந்த ரெனோ 5 கார், பெருமளவில் தயாரான கார்களில் பிளாஸ்டிக் பம்பருக்கு வழி காட்டியது. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. மணிக்கு 5 மைல் வேகத்தில் முன்புறமும், 2.5 மைல் வேகத்தில் பின்புறமும் மோதினால் விளக்கு, எரிபொருள் அமைப்பு போன்றவை பழுதாகக் கூடாது என்பது அதன் சாரம். பின்னர் கடுமையாக்கப்பட்ட அந்த விதி 1982இல் மீண்டும் தளர்த்தப்பட்டது. இதில் பலர் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. அந்தப் பம்பர் விதி பயணிகள் கார்களுக்கு மட்டுமே உரியது. ஜீப் போன்ற பல்பயன் வண்டிகளையும் சிறு சரக்கு வண்டிகளையும் அது கட்டுப்படுத்தவில்லை. எனவே அவ்வண்டிகளின் பம்பர் எவ்வளவு உயரத்தில், எவ்வளவு வலுவாக இருக்க வேண்டும் என்பது பெரும்பாலும் தயாரிப்பாளரின் விருப்பத்துக்கே விடப்பட்டது.

காலப்போக்கில் ஜீப்பும் குடும்ப வண்டியானது. 2006இல் அறிமுகமான ராங்ளர் மாதிரியில் முன்னும் பின்னும் பிளாஸ்டிக் மூடிய பம்பர்கள் வந்தன. நகரத்தில் இதனால் குறையில்லை. பாறைப் பாதையில்தான் சிக்கல். உயரமான கல்லைத் தாண்டி இறங்கும்போது பின் சக்கரம் பள்ளத்தில் விழ, வண்டியின் வால் பகுதி கல்லில் உட்காருகிறது. பின் சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து வாலின் தாழ்ந்த முனைக்கு ஒரு கோடு போட்டால் கிடைக்கும் கோணமே, வண்டி எவ்வளவு செங்குத்தான இறக்கத்திலிருந்து அடிபடாமல் வெளியேறும் என்பதைத் தீர்மானிக்கிறது. பாறை ஏறுவதற்கென்றே விற்கப்படும் ராங்ளர் ரூபிக்கான் வகையில் இது ஏறத்தாழ 37 பாகை. பம்பரின் கீழ் விளிம்பு சற்றுத் தாழ்ந்தாலும் கோணம் குறையும், பிளாஸ்டிக் கிழியும்.

கிழிந்த பம்பருக்குப் பதிலாக அதே போன்ற மற்றொன்றை வாங்கி மாட்டுவதைவிட, சுமார் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள தகட்டை வளைத்து வெல்டிங் செய்த பம்பரைப் பொருத்துவது மேல் எனப் பலர் கருதினர். அது சட்டகத்தோடு நேரடியாகப் போல்ட் போட்டு முடுக்கப்படுகிறது. இருபுறமும் ஷேக்கிள் மாட்டும் காதுகள் உண்டு. உயரமான ஜாக்கியை அதன் அடியில் கொடுத்து வண்டியைத் தூக்கலாம். பெரிய டயர் போட்டவர்கள் ஸ்டெப்னியைக் கதவில் தொங்கவிட்டால் கீல் தாங்காது என்பதால், டயரைத் தாங்கும் சுழல்கையும் பம்பரிலேயே அமைக்கப்படுகிறது. (ஸ்டெப்னி என்ற சொல், உபரிச் சக்கரம் முதலில் விற்கப்பட்ட வேல்சு நாட்டு லானெலி நகரின் ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது.) சந்தை இப்படிப் பெருகியதைக் கண்ட தயாரிப்பாளரே, 2013ஆம் ஆண்டின் சிறப்பு ராங்ளர் ஒன்றில் எஃகுப் பம்பரைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி விற்றார்.

ஆனால் இரும்பு வலுவானது, எனவே பாதுகாப்பானது என்று முடிவுகட்டுவது தவறு. வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கைகளைப் பின்னுக்கு இழுப்பதன் காரணத்தைப் பள்ளி மாணவர் அறிவர். நிற்பதற்கு எடுக்கும் நேரம் கூடினால் விசை குறையும். பிளாஸ்டிக் உறைக்குள் உள்ள நுரையும் நசுங்கும் தாங்கிகளும் அந்தப் பின்வாங்கும் கையின் வேலையைச் செய்கின்றன. விறைத்த எஃகுப் பம்பர் நசுங்குவதில்லை. விசை அப்படியே சட்டகத்துக்கும், உள்ளே இருப்பவர்களுக்கும், பின்னால் வந்து மோதிய சிறிய காரில் இருப்பவர்களுக்கும் செல்கிறது. பம்பரில் கீறல்கூட இல்லாமல் சட்டகம் வளைந்துபோவதும் உண்டு. அதை நிமிர்த்தும் செலவோடு ஒப்பிட்டால் பிளாஸ்டிக் பம்பரின் விலை அற்பம்.

பின்புறம் எவ்வளவு முக்கியமானது என்பதை அமெரிக்காவில் நடந்த ஒரு திரும்ப அழைப்பு காட்டியது. போர்க்கால ஜீப்பில் இருக்கைக்கு அடியில் இருந்த எரிபொருள் தொட்டி, பிற்கால மாதிரிகள் சிலவற்றில் பின் அச்சுக்கும் பம்பருக்கும் இடையில் வைக்கப்பட்டிருந்தது. பின்னால் இடிபட்ட சில வண்டிகள் தீப்பற்றி உயிர்கள் பறிபோயின. 1993 முதல் 2004 வரையிலான கிராண்ட் செரோக்கி, 2002 முதல் 2007 வரையிலான லிபர்ட்டி உள்ளிட்ட சுமார் 27 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்குமாறு 2013 ஜூனில் அரசின் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு கோரியது. முதலில் மறுத்த கிரைஸ்லர், பிறகு சுமார் 15.6 லட்சம் வண்டிகளுக்கு ஒப்புக்கொண்டது. அதற்குக் கண்ட தீர்வு, பம்பருக்கு அடியில் இழுவைக் கொக்கிச் சட்டம் ஒன்றைப் பொருத்துவது. குறைந்த, நடுத்தர வேக மோதல்களில் அது ஓரளவு காக்கும் என்று கூறப்பட்டது. அதிவேக மோதலுக்கு அது விடையாகவில்லை.

மீட்பு வேலையிலும் ஆபத்து உண்டு. இழுவை வண்டி மாட்டும் உருண்டைக் கொண்டையில் கயிற்றைக் கட்டி, புதைந்த வண்டியைச் சுண்டி இழுக்கும்போது கொண்டை முறிந்து பறந்து ஆட்களைக் கொன்றிருக்கிறது. சட்டகத்தோடு இணைந்த காதுகளில் மட்டுமே கயிற்றை மாட்ட வேண்டும். பம்பர் எஃகு என்பதற்காக அதன் எல்லா இடமும் இழுவை தாங்கும் என்று கொள்ளக் கூடாது.

இந்தியாவில் இதற்குச் சட்டத் தடையும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. வண்டிகளில் பொருத்தப்படும் இரும்புக் காவல் சட்டங்கள் மீது நடவடிக்கை எடுக்குமாறு 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. 2019 ஜனவரியில், கேரளாவிலிருந்து வந்த வழக்கொன்றில், மூல அமைப்பிலிருந்து மாறும் திருத்தங்களைப் பதிவு செய்ய இயலாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமைச்சகத்தின் கவலை பாதசாரிகளையும், வண்டியில் இருப்பவர்களையும் பற்றியது. அதில் நியாயம் உண்டு. தெருவில் நடப்பவருக்குப் பாறைப் பாதையின் தேவைகளோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

இம்மாற்றம் அனுமதிக்கப்பட்ட நாடுகளில், தேர்ந்த பட்டறைக்காரர்கள் புதிய பம்பரை எடுப்பதற்கு முன் பழையது உடைந்த இடத்தையே முதலில் பார்ப்பார்கள். சட்டகத்தின் இரு முனைகளுக்கும் குறுக்களவு எடுத்து, போல்ட் துளைகள் நீண்டிருக்கின்றனவா, வெல்டிங் விட்டிருக்கிறதா என்று சோதிப்பார்கள். முனை கோணியிருந்தால் எஃகுப் பம்பரின் துளைகள் பொருந்தாது. துளையைப் பெரிதாக்கி மாட்டிவிட்டால் கோணல் மறைந்துபோகும். அடுத்த இடியில்தான் அது வெளியே தெரியும்.