பாரிஸிலிருந்து ரூவானுக்கு

சைக்கிளில் எவ்வளவு தூரம் போவீர்கள்? பத்து கிலோமீட்டரா, இருபதா? 1869ஆம் ஆண்டில் ஓர் இளைஞர் 123 கிலோமீட்டர் சென்று காட்டினார். அவருடைய வண்டியில் சங்கிலி இல்லை. காற்றடைத்த டயரும் இல்லை!

அவர் பெயர் ஜேம்ஸ் மூர். இங்கிலாந்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே குடும்பத்துடன் பிரான்சு நாட்டின் தலைநகரான பாரிஸில் குடியேறினார். அங்கு மிதிவண்டி செய்துவந்த மிஷோ குடும்பத்தாருடன் ஏற்பட்ட பழக்கம் அவரைச் சைக்கிள் பிரியர் ஆக்கியது.

அக்காலத்தில் மிதிவண்டியைப் பலர் செல்வர்களின் விளையாட்டுப் பொருளாகவே கருதினர். பாரிஸுக்கும் ரூவான் நகருக்கும் இடையே 1843 முதலே ரயில் ஓடியது. அப்படியிருக்க இந்த வண்டி எதற்கு? இது பயணத்துக்கும் உதவும் என்று மெய்ப்பிக்கவே, 1869 நவம்பர் 7 அன்று அவ்விரு நகரங்களுக்கிடையே ஒரு பந்தயம் நடத்தப்பட்டது. வண்டியை நாய் இழுக்கக் கூடாது, பாய்மரம் கட்டக் கூடாது என்பவை அதன் விதிகள்! சொந்தக் கால்வலுவே துணை.

நூறு பேருக்கு மேல் புறப்பட்டனர். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே ஊர் போய்ச் சேர்ந்தனர். அவர்களுள் ‘மிஸ் அமெரிக்கா’ என்ற புனைபெயரில் ஓட்டிய ஒரு பெண்மணியும் உண்டு. இருபது வயது மூர் 10 மணி 40 நிமிடத்தில் முதலாவதாக வந்தார். அதாவது மணிக்குச் சுமார் பதினொன்றரை கிலோமீட்டர் வேகம். ‘இவ்வளவுதானா?’ என்று எண்ணிவிடாதீர்கள்.

அந்த வண்டிகளில் பெடல்கள் முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தன. பெடலை ஒரு சுற்று மிதித்தால் சக்கரமும் ஒரு சுற்றுத்தான் சுழலும். சக்கரத்தின் விட்டம் ஒரு மீட்டர் என்று கொள்வோம். ஒரு சுற்றுக்கு வண்டி 3.14 மீட்டர் நகரும். அப்படியானால் 123 கிலோமீட்டருக்கு எத்தனை சுற்று? சுமார் 39,000! ஒவ்வொரு சுற்றிலும் அச்சு உராய்ந்தால் கால்களின் உழைப்பில் எவ்வளவு வீணாகும்?

மூரின் வண்டி இங்கேதான் வேறுபட்டது. பாரிஸைச் சேர்ந்த ஷூல் சூரிரே என்ற கைவினைஞர் அதன் அச்சில் எஃகுக் குண்டுகளை அமைத்திருந்தார். நம் சைக்கிள் கடைகளில் ‘பால்ரஸ்’ என்று கேட்டு வாங்குகிறோமே, அதேதான். உலோகத்தின் மீது உலோகம் சறுக்கும்போது உராய்வு மிகுதி. இடையே குண்டுகள் உருளும்போது உராய்வு வெகுவாகக் குறைகிறது. மூரின் வெற்றியில் அவரது கால்களுக்குப் பங்கு உண்டு. அந்தச் சிறு குண்டுகளுக்கும் உண்டு.

அதன் பின்னர் மாற்றங்கள் தொடர்ந்தன. ஒரு சுற்றில் அதிக தூரம் செல்வதற்காக முன்சக்கரத்தை மிகப் பெரிதாக்கினார்கள், விழுந்தால் ஆபத்து. 1885இல் வந்த ‘ரோவர்’ வண்டி, சங்கிலியால் பின்சக்கரத்தைச் சுழற்றி அந்த ஆபத்தை நீக்கியது. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைத் தந்தார்.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். கனமான புத்தகம் ஒன்றை மேசைமீது வைத்துத் தள்ளுங்கள். பிறகு அதன் அடியில் ஒரே அளவுள்ள சில கோலிக்குண்டுகளை வைத்துத் தள்ளுங்கள். எது எளிது? 39,000 சுற்றுகளிலும் மூரின் கால்கள் உணர்ந்த வேறுபாடு உங்கள் விரல் நுனிக்கும் தெரிந்துவிடும்.