தியாகதுருகமும் கர்நாடகப் போரின் எதிரணிகளும்

கர்நாடகப் போர் என்றதும் ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் என்ற இரு பெயர்களே நினைவுக்கு வரும். ஆனால் சண்டையின் வேர் உள்நாட்டில்தான் இருந்தது. ஆற்காட்டு நவாப் பட்டம் யாருக்கு என்பதே வழக்கு. ஒருபுறம் பழைய நவாப் தோஸ்த் அலியின் மருமகன் சந்தா சாகிப். மறுபுறம் நிஜாம் நியமித்த அன்வருதீன் கான். 1749 ஆகஸ்ட் 3 அன்று ஆம்பூரில் அன்வருதீன் மாண்டபின் அவருடைய மகன் முகமது அலி உரிமை கோரினார். ஐதராபாத்திலும் அதே தகராறுதான்: நிஜாமின் மகன் நாசிர் ஜங்கா, பேரன் முசாபர் ஜங்கா? பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே சந்தா சாகிப், முசாபர் ஜங் பக்கம் நின்றார். ஆங்கிலக் கம்பெனி மற்ற இருவர் பக்கம்.

இவற்றை நிலையான அணிகள் என்று கொள்வது தவறு. 1750 டிசம்பரில் செஞ்சியருகே நாசிர் ஜங்கைக் கொன்றது அவருடனேயே வந்த பட்டாணிய நவாப்களின் சதி. முகமது அலி திருச்சியைத் தருவதாகச் சொன்ன வாக்கை நம்பி மைசூரின் நஞ்சராஜர் படையுடன் வந்தார். மராத்தியத் தலைவர் முராரி ராவும் வந்தார். 1752 ஜூனில் சந்தா சாகிப் கொல்லப்பட்டார், ஆனால் திருச்சி மைசூருக்குக் கிடைக்கவில்லை. நஞ்சராஜரும் முராரி ராவும் பிரெஞ்சுப் பக்கம் சாய்ந்தார்கள்.

இந்த அணிமாற்றங்களைக் கள்ளக்குறிச்சிச் சீமை நேரில் கண்டது. சேலத்திலிருந்து கீழே வரும் பாதை ஆத்தூர், சின்னசேலம் வழியே, வடக்கே கல்வராயன் மலைக்கும் தெற்கே பச்சைமலைக்கும் இடையில் வருகிறது. அது சமவெளியில் விரியும் இடத்தில் தியாகதுருகத்தின் பாறைக்குன்று நிற்கிறது. மேற்கிலிருந்து புதுச்சேரிக்குப் படையும் தானியமும் மாடுகளும் வரும் வழி இது. அதனால்தான் ஒரு சிறு கோட்டைக்கு அத்தனை கிராக்கி.

1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் தோற்ற பிரெஞ்சுத் தளபதி லாலி, மைசூர்த் தளபதி ஹைதர் அலியிடம் உதவி கேட்டார். விலையாகத் தியாகதுருகமும் எலவானாசூரும் மைசூருக்குக் கொடுக்கப்பட்டன. ஹைதரின் மைத்துனர் மக்தூம் அலி படையுடன் வந்தார்; பசியில் தவித்த புதுச்சேரிக்கு மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன. ஜூலையில் திருவதிகையருகே மேஜர் மூரின் ஆங்கிலப் படை சிதறியது. ஆனால் சீரங்கப்பட்டணத்தில் ஹைதரின் உதவியாளராயிருந்த காண்டே ராவ் அவருக்கு எதிராகத் திரும்பவே, மைசூர்ப் படை அவசரமாக ஊர் திரும்பியது. கோட்டை மறுபடி பிரெஞ்சுக்காரரிடம். 1761 ஜனவரி 16 அன்று புதுச்சேரி பணிந்தது. நீண்ட முற்றுகைக்குப் பின் பிப்ரவரியில் தியாகதுருகமும் பணிந்தது.

எந்தக் கொடி பறந்தாலும் படைக்குச் சோறு போட்டது இந்தச் சீமையின் வயல்களே. போர்க்கணக்கில் அவற்றை உழுதவர்களுக்கு அணி என்று ஒன்றைக் காட்ட முடியாது.

1763 பாரிஸ் உடன்படிக்கை முகமது அலியை நவாபாக ஏற்றது. 1790-இல் இதே குன்றைத் தாக்கிய திப்பு சுல்தானின் படையைக் ஆங்கிலக் கேப்டன் பிளின்ட் தடுத்து நிறுத்தினார். அப்போது எதிரணியில் பிரெஞ்சு அரசு இல்லை. 1801-இல் கம்பெனி கர்நாடக ஆட்சியையே எடுத்துக்கொண்டது. முகமது அலியின் பேரன் அசீமுதௌலாவுக்குப் பட்டமும் உதவித்தொகையும் மட்டும் விடப்பட்டன.