கன்னத்தில் கை வைத்த கிறிஸ்து

“கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்காராதே” என்று வீட்டுப் பெரியவர்கள் கடிந்துகொள்வதைக் கேட்டிருப்பீர்கள். கவலையின் கோலம் அது. அதே கோலத்தில் இயேசு கிறிஸ்துவை மரத்தில் செதுக்கி, சாலையோரங்களில் நிறுத்தி வணங்கியவர்கள் உண்டு என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? பால்டிக் கடலோர நாடாகிய லித்துவேனியாவின் குடியானவர்களே அவர்கள்.

தலையில் முள்முடி. ஒரு கை கன்னத்தைத் தாங்க, முழங்கை முழங்காலில் ஊன்றியிருக்கும். இவ்வுருவத்தை அவர்கள் ‘ரூபின்தோயேலிஸ்’ என்பர். ‘கவலைப்படுபவர்’ என்பதைச் செல்லமாகக் கூறும் சொல் இது. சுவிசேஷங்களில் இப்படியொரு காட்சி இல்லை. சிலுவையில் அறையப்படுமுன் அவர் சற்றே அமர்ந்திருந்தார் என்பது பக்தர்களின் கற்பனை. ஜெர்மானிய ஓவியர் டியூரர் 1511இல் வெளியிட்ட மரச்செதுக்குப் படநூலின் முகப்பிலும் இக்கோலத்தைக் காணலாம். போலந்து, லித்துவேனியா நாட்டுப்புறங்களில் இது ஆழமாக வேரூன்றியது.

செதுக்கியவர்கள் பெரும்பாலும் கலைப்பள்ளியை அறியாத கிராமத்தார். ‘தெய்வம் செய்வோர்’ என்று ஊரார் அவர்களை அழைத்தனர். வின்ட்சாஸ் ஸ்விர்ஸ்கிஸ் (1835–1916) என்பவர் ஊர் ஊராகச் சென்று, குடியானவர் வீடுகளில் தங்கிச் சிலுவைகள் செய்து தந்தார்.

இக்கோலம் மரத்துக்கு ஏற்றதும் ஆகும். ஏன் தெரியுமா? மரத்தின் நார் அடியிலிருந்து நுனி நோக்கி ஓடுகிறது. கை விரித்த உருவத்தை ஒரே கட்டையில் செதுக்கினால், கைகள் நாருக்குக் குறுக்கே அமைந்து எளிதில் முறியும். அவற்றைத் தனியே செய்து பொருத்தவேண்டும். உடலோடு ஒட்டி அமர்ந்த உருவத்தில் இத்தொல்லை குறைவு. செதுக்குவதற்கு மென்மையான லிண்டன் மரம் உகந்தது. மண்ணில் நிற்கும் கம்பத்துக்கோ வைரம் பாய்ந்த ஓக் மரமே ஏற்றது. அதிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் பூஞ்சையைத் தடுக்கிறது. உருவத்தின் மேல் சிறு கூரையும் வேய்ந்தனர். மரத்தின் ஈரம் சுமார் 20 விழுக்காட்டுக்குக் கீழிருந்தால் அதை அழிக்கும் பூஞ்சை வளராது.

எனினும் மழையும் பனியும் வென்றுவிடும். பழையது உளுத்தால் புதியது செதுக்கவேண்டும். ஆகவே தலைமுறைதோறும் உளி பிடிக்கும் கை தேவைப்பட்டது.

அந்தக் கைகளே பின்னர் கலையைக் காத்தன. 1863ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை ஒடுக்கிய ரஷ்யப் பேரரசு, சாலையோரச் சிலுவைகளை நிறுவத் தடை விதித்தது. சோவியத் ஆட்சியில், சியாவ்லை நகரருகே உள்ள ‘சிலுவைக் குன்று’ 1961இல் தரைமட்டமாக்கப்பட்டது, மரச்சிலுவைகள் எரிக்கப்பட்டன. மக்கள் இரவில் வந்து மீண்டும் நட்டனர். லித்துவேனியா 1990இல் விடுதலையை அறிவித்தது. 2001இல் யுனெஸ்கோ இச்சிலுவைக் கலையை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது.

எரித்தவர்கள் மரத்தைத்தான் எரித்தார்கள். உளுத்ததை மாற்றிப் பழகிய மக்களுக்கு, எரிந்ததை மாற்றுவதா கடினம்?