காட்பரின் சொத்தும் காவல்துறையின் வசூலும்

1973 ஜூன் 8 அன்று ஹாங்காங் காவல்துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் பீட்டர் காட்பர், தமது விமான நிலைய அனுமதி அட்டையைக் காட்டிச் சோதனைகளைக் கடந்து லண்டனுக்குப் பறந்துவிட்டார். 43 லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேற்பட்ட சொத்து எப்படி வந்தது என்று விளக்கம் கேட்டு அவருக்குக் கெடு விதிக்கப்பட்டிருந்த வாரம் அது. 'காட்பரைப் பிடி' என்ற முழக்கத்தோடு மக்கள் தெருவில் இறங்கினார்கள்.

காவலர் லஞ்சத்துக்குக் குறைந்த சம்பளமே காரணம் என்பது பழகிப்போன விளக்கம். தள்ளுவண்டிக்காரரிடம் சில்லறை வாங்கும் கான்ஸ்டபிளுக்கு அது ஓரளவு பொருந்தலாம். காட்பருக்குப் பொருந்தாது; நல்ல சம்பளம் வாங்கிய உயரதிகாரி அவர்.

நீதிபதி அலஸ்டர் பிளேர்-கெர் நடத்திய விசாரணை வேறொன்றைக் காட்டியது. சூதாட்ட விடுதிகளிலும் நடைபாதைக் கடைகளிலும் திரட்டிய மாமூல், சார்ஜென்ட்டுகள் வழியாக முறையாகப் பங்கு பிரிந்து மேலே போயிற்று. புதிதாக வருபவருக்கு மூன்று வழிகள் சொல்லப்பட்டனவாம்: பேருந்தில் ஏறிக்கொள்ளலாம், ஏறாமல் பக்கத்திலேயே ஓடலாம், முன்னால் மட்டும் நிற்கக் கூடாது. நேர்மையானவர்களும் வாய்மூடி இருந்ததன் ரகசியம் அந்த இரண்டாவது வழியில் இருக்கிறது.

காட்பர் எந்தக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார் என்பது அவருடைய சொத்துக் கணக்கைவிட முக்கியமானது. 1975-இல் திருப்பிக் கொண்டுவரப்பட்டு நான்காண்டு சிறை பெற்றார். வான்சாய் வட்டாரப் பொறுப்பைப் பெற்றுத்தர இன்னொரு காவல் அதிகாரியிடம் 25,000 டாலர் வாங்கினார் என்பதே வழக்கு. பதவியைக் காசு கொடுத்து வாங்குகிறவர் போட்ட முதலை எடுக்காமல் விடுவாரா? மேசைக்கு மேலே நடக்கும் பணியிட மாற்றமே தெருவில் நடக்கும் வசூலுக்கு விதை.

அதுவரை லஞ்சப் புகாரை விசாரித்ததும் காவல்துறையின் ஒரு பிரிவுதான். ஆளுநர் மெக்லிஹோஸ் அந்தப் பொறுப்பைப் பிடுங்கி, 1974 பிப்ரவரி 15-இல் தமக்கு நேரடியாகப் பதில் சொல்லும் தனி ஆணையத்திடம் கொடுத்தார். வருமானத்துக்கு மீறிய சொத்துக்கு வைத்திருப்பவரே கணக்குச் சொல்ல வேண்டும் என்ற 1971-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் கையில் ஆயுதமானது.

எதிர்ப்பு வராமல் இல்லை. 1977 அக்டோபர் 28-இல் காவலர்கள் சிலர் ஆணைய அலுவலகத்துக்குள் புகுந்து அடித்தார்கள். ஒரு வாரத்தில் அரசு இறங்கிவந்து, அவ்வாண்டு ஜனவரிக்கு முந்தைய பெரும்பாலான குற்றங்களுக்கு மன்னிப்பு அறிவித்தது. நீதியின் கண்ணில் இது தோல்விதான். ஆனாலும் ஆணையத்தை அரசு கலைக்கவில்லை. பழையபடி வசூல் வலை பின்ன இடம் கிடைக்கவில்லை. கசப்பான பேரம், ஆனால் வீண்போகாத பேரம்.

ஹாங்காங் சின்ன ஊர், அன்று ஆளுநரின் ஆட்சி; அப்படியே இங்கே நட முடியாது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் புகாரை யார் விசாரிப்பது என்ற கேள்வி ஊருக்கு ஊர் மாறுவதில்லை. பிரகாஷ் சிங் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22-இல் தந்த தீர்ப்பு, முக்கியப் பொறுப்புகளுக்குக் குறைந்தது இரண்டாண்டுப் பதவிக்காலத்தையும், ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையில் காவல் புகார் ஆணையங்களையும் கேட்டது. தமிழ்நாடு 2013-இல் இயற்றிய காவல் சீர்திருத்தச் சட்டமோ, மாநில ஆணையத்தின் தலைமையை உள்துறைச் செயலரிடமே ஒப்படைத்தது.