போ-காப்: அடிமைகளின் வழித்தோன்றல்கள் காத்து நிற்கும் தெருக்கள்

 

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில், சிக்னல் குன்றின் சரிவில் போ-காப் என்னும் மஹல்லா அமைந்துள்ளது. கல் பாவிய குறுகிய தெருக்களும், தட்டையான கூரைகளும், வண்ணம் தீட்டிய முகப்புகளும், நம்மூர்த் திண்ணையை நினைவூட்டும் உயர்ந்த வாசல் மேடைகளும் கொண்ட இம்மஹல்லாவைப் படமெடுக்க உலகெங்குமிருந்து சுற்றுலாப் பயணிகள் வருகின்றனர். அவ்வீடுகளில் வாழ்வோர் தம் வீடுகளிலேயே நிலைத்திருப்பதற்காக நடத்திவரும் போராட்டத்தை நம்மில் பலர் அறியோம். ஆகவே அதனை இம்மலரில் எழுத முற்படுகின்றோம்.

1652-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் நன்னம்பிக்கை முனையில் குடியேறினர். பின்னர் இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும் வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை ஆகிய இடங்களிலிருந்தும் மக்களை அடிமைகளாகப் பிடித்து அங்கே கொண்டு சென்றனர். இவர்களின் வழித்தோன்றல்களுக்கு 'கேப் மலாய்கள்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. எனினும் அவர்களுள் நம் கரையைச் சார்ந்தோரின் இரத்தமும் கலந்திருக்கின்றது என்பதை நாம் மறத்தலாகாது. 1760-களில் ஜான் டி வால் என்பார் வாடகைக்கு விடுவதற்காகக் கட்டிய சிறு வீடுகளே இம்மஹல்லாவின் தொடக்கம். வேல் தெருவில் உள்ள 71-ஆம் எண் வீடு அக்காலத்தது. 1978 முதல் அது அருங்காட்சியகமாக விளங்குகின்றது.

டோர்ப் தெருவில் உள்ள அவ்வல் பள்ளிவாசல் 1794-இல் தோன்றியது. அந்நாட்டின் முதல் பள்ளிவாசல் இதுவே. இது அமைந்த இடம், விடுதலை பெற்ற அடிமையான கோரிடான் என்பவருக்கு உரியதாயிருந்தது. ஆவணங்கள் அவரைச் 'சிலோன் கோரிடான்' என்றே குறிக்கின்றன. பின்னர் அவர்தம் மகள் ஸார்ட்ஜி அவ்விடத்தைப் பள்ளிவாசலுக்கு அளித்தார். அடிமையாய் வந்தவரின் மகள் பள்ளிவாசலுக்கு நிலம் ஈந்த இச்செய்தியைப் படித்தபோது நாம் சற்று நேரம் மேற்கொண்டு படிக்க இயலாதவரானோம். அங்கு முதல் இமாமாய் அமர்ந்தவர், திதோர் தீவிலிருந்து 1780-இல் கைதியாகக் கொணரப்பட்ட துவான் குரு எனும் இமாம் அப்துல்லாஹ் (ரஹ்) அவர்கள். ரோபன் தீவுச் சிறையில் இருந்தபோது திருக்குர்ஆனை நினைவிலிருந்தே எழுதி முடித்த பெருந்தகை அவர்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அம்மக்களிற் பெரும்பாலோர் நம் கடற்கரையூர்களைப் போன்றே ஷாபிஈ மத்ஹபைச் சார்ந்தவர்கள். நம் முன்னோர் அரபெழுத்தில் தமிழை எழுதியது போல, அவர்களும் தம் ஆப்பிரிகான்ஸ் மொழியை அரபெழுத்தில் எழுதினர். உஸ்மானியப் பேரரசு அனுப்பிய அபூபக்ர் எஃபெந்தி அம்முறையில் எழுதிய மார்க்க நூல் 1877-இல் இஸ்தான்புல்லில் அச்சேறியது.

மஹல்லாவுக்கு நேர்ந்த சோதனைகளில் முன்னது கப்ருஸ்தான் பற்றியது. துவான் குரு அவர்கள் அடங்கியுள்ள தானா பாருவை, பொதுச் சுகாதாரச் சட்டத்தைக் காட்டி அரசு 1886 ஜனவரியில் மூடியது. ஆயிரக்கணக்கானோர் தடையை மீறி ஜனாஸாவைச் சுமந்து சென்று அங்கேயே அடக்கம் செய்தனர்.

அடுத்த நூற்றாண்டில் வந்த சோதனை வேறு வகையானது. 1940-களில் வெள்ளையர் சிலர் கூடி, பழைய வீடுகள் அழியாமலிருக்கக் குழு அமைத்தனர். 1966-இல் மஹல்லாவின் ஒரு பகுதி தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அவர்கள் வீடுகளைக் காத்தது உண்மை. ஆயினும் 1950-ஆம் ஆண்டின் இனப் பகுதிச் சட்டம் இம்மஹல்லாவை 'மலாய்களுக்கு' மட்டுமே உரியதாக்கி, பிறரை வெளியேற்றியது. அதே 1966-இல் அருகிருந்த டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் வெள்ளையர் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் விரட்டப்பட்டு, வீடுகள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. ஒரு தெருவின் சுவர்களுக்குச் சின்னப் பட்டமும் அடுத்த தெருவின் மக்களுக்கு வெளியேற்றமும் ஒரே அரசிடமிருந்து வந்ததை நாம் கவனிக்க வேண்டும்.

நிறவெறி ஆட்சி 1994-இல் முடிந்தபின் பணம் வந்தது. நிலமதிப்பு ஏறியது, அதனுடன் நகராட்சி வரியும் ஏறியது. ஓய்வூதியத்தில் வாழும் முதியோர், பரம்பரை வீட்டை வெளியாருக்கு விற்றுச் செல்லும் நிலை உண்டாயிற்று. இதனை எதிர்த்து நிற்பதே போ-காப் குடிமக்கள், வரிசெலுத்துவோர் சங்கம். மஹல்லாவின் எல்லையில் ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்தில் அடுக்குமாடி எழுப்ப நகராட்சி அனுமதி தந்ததை எதிர்த்துச் சங்கத்தார் நீதிமன்றம் சென்றனர். 2018 ரமளானில் இளைஞர்களும் பெரியவர்களும் தெருவிலேயே விரிப்பு விரித்து, கூட்டமாக நோன்பு திறந்து தம் எதிர்ப்பைக் காட்டினர். அவ்வாண்டு நவம்பரில் கட்டடப் பணிக்கான கிரேனை மறித்தவர்கள் மீது காவல்துறை வன்முறையைப் பிரயோகித்தது.

2019 மார்ச்சில் நகராட்சி மன்றம் போ-காப்பைப் பாரம்பரியப் பாதுகாப்பு மண்டலமாக ஏற்றது. அதே ஆண்டில் நடுவண் அரசு அம்மஹல்லாவின் 19 இடங்களைத் தேசியப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. ஆயினும் அடுக்குமாடி வழக்கில் 2020 மார்ச்சில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சங்கத்தாரின் மனுவைத் தள்ளியது. மேலும், பாரம்பரியப் பட்டியல் முகப்பை இடிக்கவிடாது. வீட்டு வரியைக் குறைக்கவும் செய்யாது. சன்னலை மாற்றவும் மாடி எழுப்பவும் அனுமதி தேடி அலைய வேண்டியவர் அவ்வீட்டுக்காரரேயாவார். இதனால் பாதுகாப்பு மண்டலம் வேண்டாம் என்றோரும் மஹல்லாவுக்குள்ளேயே இருந்தனர். அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. சங்கத்தார் கேட்டது வீடுகளோடு குடிகளும் நிலைக்க வேண்டும் என்பதே. வீடுகளுக்கு ஆணை கிடைத்திருக்கின்றது. குடிகளைப் பொறுத்தவரை, ஒவ்வொரு குடும்பமும் தத்தம் பத்திரத்தை விற்காமல் வைத்திருப்பதொன்றே இன்னும் அவர்களின் அரணாக இருக்கின்றது.